ரிமோட் கையில் இருந்தாலும் எங்கே நிற்கிறாய் என்பதுதான் கேள்வி

பர்கூர் தம்பிக்கு,

"ஆறு வருஷம் கிரானைட் குவாரியில் இருந்தேன். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தில் நிலத்தடி நிலக்கரிச் சுரங்க வேலை கிடைத்திருக்கிறது. மெஷினை ரிமோட்டில்தான் ஓட்டுவார்களாமே, ஆபத்து இல்லைதானே அண்ணா?" என்று கேட்டிருந்தாய். நான் பாலக்கோட்டுக்காரன். அதே குயின்ஸ்லாந்தில் மொரான்பா என்ற சுரங்க ஊர்ப் பக்கம் பதினோரு வருஷமாக அந்த மெஷினோடுதான் வேலை. கரியை வெட்டி அள்ளும் அதன் பெயர் கன்டினியூவஸ் மைனர்.

நெய்வேலி போல வானம் தெரியும் சுரங்கம் இல்லை இது. கன்டினியூவஸ் மைனரின் முன்பக்கம் பல் பல்லாகக் கார்பைடு முனை வைத்த டிரம் சுழன்று கரியைச் சுரண்டும். கீழே இருக்கும் கைகள் அதை அள்ளி, நடுவில் ஓடும் சங்கிலி வழியாகப் பின்னால் நிற்கும் ஷட்டில் கார் என்ற கரி ஏற்றும் வண்டியில் கொட்டும். துளை போட்டு வெடி வைக்கும் வேலையே இல்லை. ஆனால் "கன்டினியூவஸ்", அதாவது இடைவிடாதது, என்ற பெயரை நம்பாதே. சுரங்கக் கூரை இடிந்து விழாமல் பிடிக்கும் போல்ட் அடிக்க நிறுத்த வேண்டும், கார் வரக் காத்திருக்க வேண்டும். போல்ட் அடிக்காத கூரைக்கு அடியில் ஒரு அடிகூட வைக்காதே, கீழே விழுந்த ஸ்பேனரை எடுக்கக்கூட.

ரிமோட் பெட்டி வயிற்றோடு தொங்கும். மெஷின் சங்கிலிச் சக்கரத்தில் நகர்வதால், தலை இடது பக்கம் திரும்பினால் வால், அதாவது அதன் பின்பக்கம், வலது பக்கம் வீசும். வந்த புதிதில் ஒருநாள் டிரம்மையே பார்த்துக்கொண்டு வாலுக்கும் கரிச்சுவருக்கும் நடுவில் நின்றுவிட்டேன். கூட இருந்தவர் தன் தலை விளக்கை என் முகத்தில் வேகமாக ஆட்டினார். என் கை ரிமோட் லீவரை விட்டது. வால் நின்றபோது எனக்கும் அதற்கும் ஒரு முழம் இடைவெளி. அன்று முதல், நிற்கும் இடத்தை உறுதி செய்த பிறகுதான் லீவரைத் தொடுகிறேன்.

மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் வெடிக்கும். அந்த அளவை நெருங்கும் முன்பே சென்சார் கரண்டை வெட்டிவிடும். அதை யாராவது மறைத்துக் கட்டச் சொன்னால் கேட்காதே, வேலை போனாலும் பரவாயில்லை.

தூசு விஷயம் உனக்கு இன்னும் முக்கியம். ஒழிந்துபோனதாக நினைத்திருந்த கரி நுரையீரல் நோய் 2015இல் குயின்ஸ்லாந்தில் மறுபடி தெரியவந்தது. நீ ஏற்கனவே கல் தூசு சுவாசித்தவன். கிளம்பும் முன் மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பத்திரமாக வை. அங்கே போனதும் மருத்துவப் பரிசோதனை இருக்கும், குவாரி வேலையை மறைக்காதே.

மற்றபடி ஏழு நாள் வேலை, ஏழு நாள் லீவு. கேம்பில் சாப்பாடு போடுவார்கள், களிக்கு மட்டும் ஏங்குவாய். இரவு ஷிப்ட் முடிந்த கையோடு கடற்கரை நகரமான மக்காய்க்குக் கார் ஓட்டாதே, தூங்கிவிட்டுப் போ.

அடுத்த வாரம் வரை ஊரில்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, வால் எப்படி வீசும் என்று வாசலில் கோடு போட்டுக் காட்டுகிறேன்.