அஷூர் மெய்நிகர் கணினிகளின் ஓஎஸ் டிஸ்க்கை எஃபெமரல் வகைக்கு மாற்றலாமா?

மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஷூரில் நான்கு வெப் சர்வர்களும் ஒரு டேட்டாபேஸ் சர்வரும் வைத்திருக்கிறீர்கள். நிலையாகத் தங்காத எஃபெமரல் டிஸ்க்குக்குத் தனிக் கட்டணம் இல்லை என்பதால் எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள். வெப் சர்வர்களை மாற்றலாம். டேட்டாபேஸ் சர்வரைத் தொடாதீர்கள்.

இயங்குதளத்தை வைத்திருக்கும் வழக்கமான ஓஎஸ் டிஸ்க், மெய்நிகர் கணினி ஓடும் நிஜ இயந்திரத்தில் இருப்பதில்லை. நெட்வொர்க்குக்கு அப்பால், அஷூரின் சேமிப்பகத்தில் மூன்று பிரதிகளாக இருக்கிறது. எஃபெமரல் டிஸ்க்கோ அந்த இயந்திரத்துக்குள்ளேயே, கேஷுக்கோ (அடிக்கடி படிக்கும் தரவை வைக்கும் இடம்) தற்காலிக டிஸ்க்குக்கோ ஒதுக்கிய இடத்தில் அமர்கிறது. வேகம் கிடைப்பதும் அதனால்தான். இயந்திரம் பழுதானால் நீங்கள் எழுதியதெல்லாம் போய், மூல இமேஜிலிருந்து (கணினியை உருவாக்கப் பயன்பட்ட இயங்குதளப் பிரதி) கணினி புதிதாக எழுவதும் அதனால்தான்.

இடமும் அளவோடுதான் கிடைக்கும். டிஎஸ்2 வி2 என்ற மெய்நிகர் கணினி வகையில் கேஷ் 86 ஜிபி மட்டுமே. 30 ஜிபி உபுண்டு இமேஜ் அதில் அடங்கும், 127 ஜிபி விண்டோஸ் இமேஜ் அடங்காது.

ரீஸ்டார்ட் செய்தால் எதுவும் அழியாது. ஆனால் கட்டணம் நிற்கும் விதத்தில் கணினியை நிறுத்திவைக்கும் 'டீஅலோகேட்' வசதி இதில் கிடையாது. தினமும் இரவில் நிறுத்திவந்த சோதனைக் கணினிகளை இது தெரியாமல் நான் மாற்றிவிட்டேன். டிஸ்க்கில் மிச்சம் பிடித்ததைவிட, விடிய விடிய ஓடிய கணினிகளுக்குக் கொடுத்தது அதிகம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கதைதான்.

இன்னொரு முறை, கோளாறான ஒரு சர்வரை அவசரத்தில் ரீஇமேஜ் செய்தேன், அதாவது மூல இமேஜிலிருந்து மறுபடி எழுப்பினேன். இரண்டு நிமிடத்தில் அதே பெயரோடும் அதே ஐபி முகவரியோடும் வந்துவிட்டது; ஆனால் தொலைவிலிருந்து சர்வரில் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழையப் போனபோது, அந்தச் சர்வரின் அடையாளமே மாறிவிட்டதாக எச்சரிக்கை வந்தது. கோளாறுக்குக் காரணம் தேட வேண்டிய என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர் மென்பொருள்) லாக், அதாவது நடந்தவற்றின் பதிவு, பழைய டிஸ்க்கோடு போயிருந்தது. ஆகவே மாற்றுவதற்கு முன்பே லாக்குகளை வேறிடத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கணினியை அப்படியே மாற்ற முடியாது என்பதால், நான்கையும் புதிதாகத்தான் உருவாக்க வேண்டியிருக்கும்.

டேட்டாபேஸின் தரவைத் தனி டேட்டா டிஸ்க்கில் வைத்தால் அது பிழைக்குமே என்று கேட்கலாம். பிழைக்கும், ஆனால் எஃபெமரல் ஓஎஸ் டிஸ்க்கை ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் நகல்) எடுக்க முடியாது, ஆகையால் இயந்திரம் பழுதானால் சர்வரில் நீங்கள் கையால் செய்த ஒவ்வொரு அமைப்பையும் மறுபடி கையாலேயே செய்ய வேண்டிவரும்.