பதில்: லோடை நிறுத்திய பிறகு ஏறும் வோல்டேஜ் மாடலில் வரவில்லை

லித்தியம் செல்லைப் போல நடக்க நீங்கள் ஒற்றை ரெசிஸ்டர் வைத்துப் போட்ட சர்க்யூட் மாடல், அளந்த வோல்டேஜோடு ஒத்துப்போகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் செல்லில் கோளாறு இல்லை, மாடல்தான் போதவில்லை. 2 ஆம்பியர் லோடை நிறுத்தியதும் வோல்டேஜ் சட்டென்று ஒரு படி ஏறி, அப்புறம் அரை மணி நேரம் மெல்ல ஏறுகிறது என்கிறீர்கள். அந்த முதல் படி மட்டும்தான் நீங்கள் போட்டிருக்கும் ஒற்றை ரெசிஸ்டரின் வேலை. பின்னால் வரும் மெதுவான ஏற்றம், உள்ளே அயனிகள் பரவிச் சமநிலைக்கு வருவதால் வருவது. அதற்கு, ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் இணையாக உள்ள ஒரு ஜோடியைத் தொடரில் சேருங்கள், போதாவிட்டால் இன்னொன்று. அதற்கு மேல் வேண்டாம். மேலும் சேர்த்தால் வோல்டேஜ் வளைவு அழகாகப் பொருந்தும், ஆனால் எண்களுக்கு அர்த்தம் இருக்காது.

மாடலில் போட வேண்டிய எண்களை அளந்தே எடுக்கலாம். அதே 2 ஆம்பியர் லோடில் முழுச் சார்ஜிலிருந்து 10 சதவீதம் இறக்குங்கள், ஒரு மணி நேரம் சும்மா விடுங்கள், மறுபடி இறக்குங்கள். லோடை நிறுத்தியதும் வரும் படியின் உயரத்தை 2 ஆம்பியரால் வகுத்தால் உள் மின்தடை: 0.12 வோல்ட் என்றால் 60 மில்லி ஓம். ஓய்வின் கடைசியில் நிற்கும் வோல்டேஜைத் திறந்த சுற்று வோல்டேஜாக, அதாவது லோடே இல்லாதபோது செல் காட்டும் வோல்டேஜாக, எடுத்துக்கொள்ளலாம். கடைசி 10 சதவீதத்தில் வளைவு செங்குத்தாக விழும், அங்கே சின்னச் சின்னப் படிகளாக இறக்குங்கள்.

ஒரு சந்தேகம், வோல்டேஜை எங்கே அளக்கிறீர்கள்? ஹோல்டர் ஸ்பிரிங்கும் வயரும் சேர்ந்தே சில பத்து மில்லி ஓம் காட்டிவிடும். அளப்பதற்கென்று தனியாக இரண்டு வயரைச் செல்லின் முனையிலிருந்தே எடுங்கள்.