எழுத்து தெரிகிறது, வாசிக்க வரவில்லை: பள்ளியில் தன்னார்வலராக எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வயது 62. எங்கள் தெருமுனையில் உள்ள அரசுத் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியர், வாரத்துக்கு இரண்டு நாள் வந்து பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். மூன்றாம், நான்காம் வகுப்பில் ஆறு பேர். எழுத்தெல்லாம் தெரியும், பாடம்தான் வாசிக்க வரவில்லை என்கிறார். எனக்கு ஆசிரியர் பயிற்சி கிடையாது. எங்கிருந்து தொடங்குவது? ஆங்கிலமும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டுமா?

பதில்: தாராளமாகப் போங்கள், அம்மா. பயிற்சி இல்லையே என்று தயங்க வேண்டாம். 2021இல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டமே அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களை நம்பி நடந்ததுதான். ஒரு பிள்ளையின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து, அது வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்க வகுப்பாசிரியருக்கு நேரம் கிடைப்பதில்லை. உங்களுக்குக் கிடைக்கும்.

‘எழுத்தெல்லாம் தெரியும்’ என்பதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். முதல் நாள் ஆறு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பாடப்புத்தகம் வேண்டாம். அது பாதி மனப்பாடமாகியிருக்கும். விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரிக்குப் போயிருக்கும். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்க 2005 முதல் நடத்தும் ‘அசர்’ ஆய்வில் ஒரே ஒரு தாள்தான் வைத்திருப்பார்கள். அதில் சில எழுத்துகள், சில எளிய சொற்கள், நாலு வரிப் பத்தி, ஒரு குட்டிக் கதை. எழுத்திலும் சொல்லிலும் ஐந்துக்கு நாலு சரியாக வந்தால் அந்தப் படி தாண்டியாயிற்று என்று கணக்கு. இதே மாதிரி ஒரு தாளை நீங்களே எழுதிக்கொள்ளலாம். ஆறு பேரும் ஒரே படியில் நிற்க மாட்டார்கள். மூன்றாம் வகுப்பா நான்காம் வகுப்பா என்பதை மறந்துவிட்டு, நிற்கிற படியை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அநேகமாக எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்குவார்கள்: உயிர்மெய்க் குறிகள். ‘கொக்கு’ என்பதைக் ‘கெரக்கு’ என்று வாசிக்கும் பிள்ளையைக் கட்டாயம் பார்ப்பீர்கள். அது கவனக்குறைவு அல்ல. கொம்பைப் பார்த்துக் ‘கெ’ என்கிறது, காலைப் பார்த்து ‘ர’ என்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி என்று அதற்கு இன்னும் பிடிபடவில்லை. கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ மெய்க்குப் பின்னால் வருகிறது. புதிதாகப் படிக்கும் பிள்ளைக்கு இது லேசான விஷயமா? உகர வரிசை இன்னும் மோசம். கு, சு, து என்று எழுத்துக்கு எழுத்து குறி விதவிதமாக மாறும். மெய்யின் புள்ளியைக் கண்ணில் வாங்காமல் ‘பக்கம்’ என்பதைப் ‘பககம’ என்று இழுப்பவர்களும் உண்டு.

இதற்குக் க, கா, கி, கீ என்று பாட வைப்பதால் பெரிய பலன் கிடையாது. ராகம் மனதில் நிற்கும், வடிவம் நிற்காது. அந்த வரிசையையே பிள்ளைக்குத் தெரிந்த சொற்களாக மாற்றுங்கள். கல், கால், கிளி, கீரை, குடை, கூடு, கை, கொக்கு, கோழி என்று சின்ன அட்டைகளில் எழுதிக் கலைத்துப் போட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு மெய் போதும், அவசரம் வேண்டாம். இங்கே ஒரு எச்சரிக்கை: 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்தைச் சீர்திருத்துவதற்கு முன் நீங்கள் பள்ளியில் சேர்ந்திருப்பீர்கள். லை, னை, ணை, றா, னா இவற்றைப் பழைய சுழியோடு எழுதும் பழக்கம் கையில் இருந்தால், அட்டையில் அது வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அந்த வடிவத்தைப் பார்த்ததே இல்லை.

பிள்ளை ஒரு சொல்லில் நின்றுவிட்டால் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். ‘ம்ம், சொல்லு, சொல்லு’ என்று துரத்த வேண்டாம். வரவில்லையா, நீங்களே சொல்லிவிட்டு மேலே போங்கள். ‘வந்தார்கள்’ என்று அச்சாகியிருப்பதை ‘வந்தாங்க’ என்று வாசித்தால் எனக்கு மகிழ்ச்சிதான். பொருள் புரிந்திருக்கிறது என்று அர்த்தம். புத்தகத்தில் இருப்பதை நீங்கள் ஒருமுறை வாசித்துக் காட்டினால் போதும்.

ரொம்பப் பின்தங்கிய பிள்ளைக்கு எனக்குத் தெரிந்து நன்றாக வேலை செய்யும் வழி ஒன்று உண்டு. அதன் வீட்டுச் சேதி ஒன்றைச் சொல்லச் சொல்லி, சொன்னபடியே எழுதிக்கொடுங்கள். ‘எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு’ என்றால் அப்படியேதான் எழுத வேண்டும். ‘எங்கள் ஆடு இரண்டு குட்டிகளை ஈன்றது’ என்று திருத்தினால் அந்த வாக்கியம் அதனுடையதாக இருக்காது, வாசிக்கும் ஆசையும் போய்விடும். கொச்சைத் தமிழைப் பழக்குவதா என்று சில ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். நான் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுப்பதில்லை. வாசிக்க வந்த பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் புத்தகங்கள் வழியாகத் தானே வந்து சேரும்.

ஒவ்வொரு வகுப்பையும் நீங்கள் ஒரு கதை வாசித்துக்காட்டி முடியுங்கள். அதில் கேள்வி, பதில், தேர்வு எதுவும் கூடாது. பள்ளியிலேயே, கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள்; ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிநிலை பிரித்தவை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்திலும் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. அச்செடுத்துக் கையில் கொடுங்கள், போனில் காட்டாதீர்கள்.

அப்புறம் சில நடைமுறைகள். தலைமையாசிரியரிடம் நாளையும் நேரத்தையும் எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். தாழ்வாரம் மாதிரி எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் உட்காருங்கள், தனியறை வேண்டாம். பிள்ளைகளின் படத்தை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். புத்தகத்தை மூக்கருகே வைத்து வாசிக்கும் பிள்ளைக்குக் கண் பரிசோதனை தேவைப்படலாம், ஆசிரியரிடம் சொல்லுங்கள். மாதக்கணக்கில் உட்கார்ந்தும் எழுத்தே ஒட்டாத பிள்ளைக்கு நீங்களாக ‘டிஸ்லெக்சியா’ (வாசிப்புக் குறைபாடு) என்று பெயர் வைக்க வேண்டாம். கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பார்க்க வேண்டிய விஷயம் அது.

ஆங்கிலம்? பெற்றோர் கேட்பார்கள், அதில் தப்பில்லை. ஆனால் இந்த ஆறு பேருக்கும் இப்போதைக்குத் தமிழ் மட்டும் போதும் என்பேன். பேசத் தெரிந்த மொழியில் எழுத்தைக் கூட்டி வாசிக்க வந்த பிறகு ஆங்கிலத்துக்குப் போனால், புதிதாகப் படிக்க வேண்டியது அந்த மொழியையும் அதன் எழுத்தையும் மட்டும்தான். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் வாரத்துக்கு இரண்டு நாள் எதற்கும் காணாது. ஒரு பிள்ளை நாலு வரிப் பத்தியைத் தடுமாறாமல் வாசித்து, என்ன நடந்தது என்று தன் வாயால் சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஆங்கிலத்தைத் தொடங்குங்கள்.