காண்டோ பள்ளியின் இரட்டைக் கூரை நம் ஊர்ப் படிப்பகத்துக்கு ஒத்துவருமா?

கேள்வி: திருவண்ணாமலைக்கு அருகே எங்கள் ஊர். இளைஞர்கள் சேர்ந்து 20க்கு 30 அடியில் ஒரு படிப்பகம் கட்டப் போகிறோம். ஆப்பிரிக்காவில் காண்டோ என்ற கிராமத்தில் மண்கல் சுவர் எழுப்பி, அதற்கு மேலே குடைபோலத் தகரக் கூரையைத் தூக்கி நிறுத்திய பள்ளியின் படத்தைப் பார்த்து, அதே மாதிரி கட்ட ஆசைப்படுகிறோம். "தகரம் போட்டால் உள்ளே வெந்துபோவீர்கள்" என்கிறார் மேஸ்திரி. அவர் சொல்வது சரியா? மண்கல்லை நாங்களே செய்ய முடியுமா?

பதில்: தகரத்தை மட்டும் போட்டால் மேஸ்திரி சொல்வதுதான் நடக்கும். காண்டோவில் தகரம் வெறும் குடை. அறைக்கு உண்மையான கூரை அதற்குக் கீழே இருக்கிறது. படத்தில் அது சரியாகத் தெரியாது.

காண்டோ புர்கினா ஃபாசோவில் உள்ள சிற்றூர். பள்ளி 2001இல் கட்டி முடிந்தது. வடிவமைத்த டியபேடோ ஃபிரான்சிஸ் கெரே அதே ஊரில் பிறந்தவர். பெர்லினில் கட்டடக்கலை மாணவராக இருந்தபோதே பணம் திரட்டிக் கட்டினார். 2004இல் ஆகா கான் கட்டடக்கலை விருது அந்தப் பள்ளிக்குக் கிடைத்தது, 2022இல் கட்டடக்கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் அவருக்கு. மூன்று வகுப்பறைகளின் சுவர், சிமெண்ட் கலந்து அழுத்திய மண்கல். அறைக்குக் குறுக்கே கான்கிரீட் உத்தரங்கள், அவற்றின் மேல் இரும்புக் கம்பிகள், கம்பிகளின் மேல் மண்கல் அடுக்கிய தளம். அந்தத் தளத்துக்கு மேலே இடைவெளி விட்டுத் தகரம். வெயிலில் காயும் தகரத்தின் சூட்டை இடைவெளியில் ஓடும் காற்று வாரிக்கொண்டு போய்விடும். அறைக்குள் எழும் வெப்பக்காற்றும் தளத்தில் விட்ட இடுக்குகள் வழியாக மேலேறி அதே காற்றோடு வெளியேறும். தகரம், இடைவெளி, கனமான தளம் மூன்றும் சேர்ந்தால்தான் வேலை செய்யும். ஒன்றை விட்டால் கோழிப்பண்ணைக் கொட்டகைதான் மிஞ்சும்.

ஒரு வேறுபாட்டை முதலிலேயே யோசியுங்கள். காண்டோவில் நடப்பது பகல் பள்ளி. உங்கள் படிப்பகத்துக்குக் கூட்டம் வருவது மாலை ஆறு மணிக்கு மேல். 24 செ.மீ. மண்சுவர் பகலில் வாங்கிய சூட்டைச் சுமார் ஏழெட்டு மணி நேரம் கழித்து உள்ளே விடும். மேற்குச் சுவரில் மூன்று மணிக்கு அடித்த வெயில், இரவு பத்து மணிக்குப் படிப்பவர் முதுகில் தெரியும். இதற்குக் கூரை நீட்டம் உதவாது, சாயங்கால வெயில் தாழ்ந்து வரும். மேற்கே எட்டடித் திண்ணை வையுங்கள், இல்லையென்றால் இப்போதே இரண்டு புங்கை நடுங்கள். படிப்பகத்தைப் பூட்டிக்கொண்டு போனபின் இரவு முழுக்கக் காற்று உள்ளே போய்வரவும் வழி வேண்டும். ஜன்னல்களைத் திறந்துவைக்க முடியாது என்பதால், தரையிலிருந்து இரண்டடி உயரத்திலும் ரிங் பீமுக்கு (சுவரின் உச்சியில் சுற்றிலும் ஓடும் கான்கிரீட் பட்டை) சற்றுக் கீழேயும் கம்பி பதித்த ஜாலித் துளைகள் விடுங்கள். இரவில் குளிராத கனமான சுவர் மறுநாள் எதிரியாகிவிடும்.

இனி மண்கல். நீங்களே செய்யலாம், செய்வதுதான் நல்லது. காண்டோவில் ஊரார் கல் அறுத்தார்கள், பிள்ளைகள் கல் சுமந்தார்கள், பெண்கள் தரையைத் தட்டி இறுக்கினார்கள். அங்கே தொழில் கற்றவர்கள் பிறகு வேறு கட்டடங்களுக்கும் வேலைக்குப் போனார்கள். சுவர் உடைந்தால் சரிசெய்யத் தெரிந்தவர்கள் ஊருக்குள்ளேயே இருப்பது எந்த விருதையும்விடப் பெரிது. உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: இந்தத் தொழில்நுட்பத்தில் உலகம் முழுவதும் பயிற்சி கொடுக்கும் ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மண்ணைக் கையால் அழுத்திக் கல்லாக்கும் அவர்களுடைய கைப்பிரஸ்ஸில் 24×24×9 செ.மீ. கல் அறுக்கலாம்.

மேல்மண்ணை ஓர் அடி ஒதுக்கிவிட்டு, வேரும் குப்பையும் இல்லாத அடிமண்ணை எடுங்கள். சிமெண்ட் கலக்கும் கல்லுக்குத் தோதான மண்ணில் ஏறத்தாழ சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 விழுக்காடு இருக்க வேண்டும். கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வையுங்கள். அடியில் சரளையும் மணலும், மேலே வண்டல், அதற்கும் மேல் களி என்று படியும் அடுக்குகளை ஸ்கேலால் அளந்தால் ஓரளவு தெரிந்துவிடும். களி கூடினால் ஆற்றுமணலோ எம்-சாண்டோ சேர்க்கலாம். கரிசல் மண்ணை மட்டும் தொடாதீர்கள். அது நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். ஏரி மண்ணுக்கு அனுமதி வாங்கிய பிறகே வண்டி அனுப்புங்கள்.

உங்கள் அளவுக்குக் கணக்கு இது. சுற்றளவு 100 அடி, உயரம் 10 அடி, கதவு ஜன்னல் போக ஏறக்குறைய 800 சதுர அடிச் சுவர். சுமார் 3,000 கல், உடைசலுக்குச் சேர்த்து 3,200. ஒரு கல் ஒன்பதரை கிலோ அளவில் இருக்கும். 5 விழுக்காடு சிமெண்ட் என்றால் ஒரு மூட்டைக்கு நூற்றுச்சொச்சம் கல், மொத்தம் 30 மூட்டை. தளர்வான மண் பத்து யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) பிடிக்கும். புதிதாகக் கற்றுக்கொண்ட எட்டுப் பேர் நாளுக்கு 400 கல் போட்டால் நல்ல வேகம்தான்.

பெரும்பாலும் தவறு நடப்பது தண்ணீரில். கலவையைக் கையில் இறுக்கிப் பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் பதம் சரி. பொடியாகச் சிதறினால் ஈரம் போதாது. உருண்டையாகவே கிடந்தால் தண்ணீர் அதிகம், அந்தக் கல் காயும்போது சுருங்கிக் கீறும். சிமெண்ட் கலந்த மண்ணை அரை மணி நேரத்துக்குள் அறுத்துவிட வேண்டும். காலையில் மொத்தமாகக் கலந்து வைத்துக்கொண்டு மதியம் வரை அறுத்தால், பார்க்க நல்ல கல்லாக இருக்கும், மழையில் கரையும். அறுத்த கல்லை இரண்டு நாள் பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்து, பிறகு நான்கு வாரம் ஈரம் காயாமல் தண்ணீர் தெளியுங்கள். செங்கல்லுக்குச் சூளை செய்வதை இங்கே இந்த நான்கு வாரம் செய்கிறது. வேலை முடிந்துவிட்ட மாதிரி தோன்றுவதால் ஊர்க்குழுக்கள் ஏமாறுவதும் இந்தக் கட்டத்தில்தான்.

அடித்தளத்துக்கு காண்டோவைவிட வங்கதேசத்தின் ருத்ராபூரில் அன்னா ஹெரிங்கரும் ஐகே ரோஸ்வாகும் வடிவமைத்த மண் பள்ளி உங்களுக்கு நெருக்கமான பாடம். அங்கே பெய்யும் மழை அப்படி. செங்கல் அடித்தளம், அதன்மேல் ஈரம் ஏறாமல் தடுக்கும் படலம், அதற்குப் பிறகே மண்சுவர். நீங்கள் கருங்கல்லில் பேஸ்மெண்ட்டை இரண்டடி உயர்த்தி, மேலே ஒன்றரை அங்குல ஈரத்தடுப்புக் கான்கிரீட் போடுங்கள். மண்சுவர் பெரும்பாலும் கெடுவது தரையில் விழுந்து தெறிக்கும் தண்ணீரால்தான்.

அடுத்தது கூரை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இங்கே பறக்கக் காத்திருப்பது தகரம். நான்கு பக்கமும் நான்கடி நீட்டினால் உங்கள் கூரை 28க்கு 38 அடி, ஏறக்குறைய 1,060 சதுர அடி. தேசியத் தரநிலையில் கோவைக்கும் மதுரைக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று அழுத்தம் வரும். 39க்கே சதுர அடிக்கு எட்டரை கிலோ. மொத்தக் கூரையையும் தூக்கும் விசை ஒன்பது டன் அளவில். ஓரங்களிலும் மூலைகளிலும் இன்னும் கூடும். அரை மி.மீ. தகரத்தின் சொந்த எடையோ சதுர அடிக்கு அரை கிலோகூட இல்லை. காண்டோ மாதிரி அடியில் காற்று புகும் கூரையில் இந்த விசை முழுசாக வேலை செய்யும்.

இதைப் பிடித்து நிறுத்த உங்களிடம் இருப்பது சுவரின் எடை, சுமார் 30 டன். கூரையைச் சுவரோடு கட்டினால் போதும். தகரத்தைத் தாங்கும் இரும்புத் தூண்களின் அடித்தகட்டை ரிங் பீமில் பதித்த நான்கு ஜே-போல்ட்டால் (J வடிவில் வளைந்த போல்ட்) இறுக்குங்கள். ரிங் பீமிலிருந்து 12 மி.மீ. கம்பிகளைச் சுவருக்குள் இறக்கி, கதவு ஜன்னலுக்கு மேலே ஓடும் லிண்டல் பட்டையோடு கோத்துவிடுங்கள். இல்லையென்றால் ரிங் பீமே தகரத்தோடு கழன்று போகும். தூண்களுக்கிடையே குறுக்குப் பிணைப்பு வேண்டும். ஓரத்து இரண்டு வரிசைகளில் ஸ்க்ரூ இடைவெளியைப் பாதியாக்குங்கள். இந்தப் பகுதிக்கு மட்டும் கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்து இல்லாமல் வேலை தொடங்க வேண்டாம்.

கெரே தூண்களையும் டிரஸ்ஸையும் (கூரையைத் தாங்கும் சட்டகம்) சாதாரணக் கட்டுமானக் கம்பியில் செய்தார். கிரேன் வராத ஊரில் கையால் சுமந்து, வாளால் அறுத்து, சின்ன வெல்டிங் மெஷினில் ஒட்டக்கூடிய பொருள் அதுதான். உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. முறுக்குக் கம்பியை உள்ளூரில் வெல்டிங் வைத்தால் ஒட்டிய இடம் பலவீனமாகலாம், துருவும் முதலில் அங்கேதான் பிடிக்கும். சதுரக் குழாயில் செய்யுங்கள். அழகு கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

உள்தளத்துக்கும் மண்கல்லைப் பிடித்துத் தொங்க வேண்டாம். 600 சதுர அடிக்கு அது ஒன்பது டன்னைத் தாண்டும், 20 அடி நீளத்துக்கு உத்தரம் பருமனாகும். இரும்பு டி-செக்‌ஷன் (T வடிவக் கம்பி) மேல் தட்டை ஓடுகளை அடுக்கினால் எடை பாதிக்கும் கீழே வந்துவிடும். குளிர்ச்சி சற்றுக் குறையும், ஆனால் தகரத்தின் நேரடிச் சூடும் மழைச் சத்தமும் பெருமளவு நின்றுவிடும். மேலே கல் அடுக்கிய தளம் நமக்குப் புதிதும் இல்லை; தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கிய மெட்ராஸ் தளம் பழைய வீடுகளில் இன்னும் நிற்கிறது.

இடைவெளி, மிகத் தாழ்ந்த இடத்திலும் ஒன்றரை அடிக்குக் குறையக் கூடாது. அதற்கும் குறைந்தால் சுத்தம் செய்ய ஆள் நுழைய முடியாது; புறாவும் வௌவாலும் நுழையும். சுற்றிலும் அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் கம்பிவலை அடியுங்கள். கொசுவலை வேண்டாம், ஒரே வருடத்தில் தூசி அடைத்துக் காற்று நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் சாய்ந்து அடிக்கும் மழை இடைவெளிக்குள் புகும் என்பதால், தளத்தில் விடும் காற்றுத் துளைகளை ஓரங்களில் விடாமல் நடுப்பகுதியில் விடுங்கள். புத்தக அலமாரிகளை அவற்றுக்கு நேர் கீழே வைக்காதீர்கள்.

மார்கழி முடிந்ததும் ஜாடிச் சோதனை, அடுத்து பத்துச் சோதனைக் கல். நான்கு வாரம் கழித்து அவற்றை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவையுங்கள். மூலை நகத்துக்குக் கரைந்தால் மண்ணை மாற்றுங்கள், அல்லது சிமெண்ட்டை ஏழு விழுக்காடாக்கி மறுபடி சோதியுங்கள். தேறினால் மாசியில் அறுப்பு, சித்திரையில் சுவர், வைகாசி கடைசிக்குள் கூரையின் கடைசி போல்ட். ஆனி பிறந்தும் போல்ட் பாக்கி இருந்தால் தகரத்தை ஏற்றாமல் கீழேயே வையுங்கள்.