அகச்சிவப்பு வெப்பமானி வீட்டுக்குத் தேவையா? எங்கள் அடுக்களை அனுபவம்

கேள்வி: துப்பாக்கி போல் இருக்கும் கையடக்க அகச்சிவப்பு வெப்பமானியை வீட்டுக்கு வாங்கலாமா? சமையலறையில் உண்மையாகவே பயன்படுமா, நான்கு நாள் விளையாடிவிட்டு மூலையில் போடும் பொருளா? காய்ச்சல் பார்க்கவும் அதையே வைத்துக்கொள்ளலாமா?

வாங்குங்கள். சர்க்கரை நோய் உள்ள பெரியவர் யாராவது உங்கள் வீட்டில் அடுப்படியில் நிற்கிறார் என்றால் யோசிக்கவே வேண்டாம். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் சமைப்பவர் நீங்கள் இல்லை, உங்கள் அம்மாவோ மாமியாரோதான் என்று தோன்றுகிறது. அப்படி வைத்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

இந்தப் பேச்சை எடுத்தாலே, "நம் ஆச்சிமார் இதையெல்லாம் வைத்துக்கொண்டா சமைத்தார்கள்? கைப்பக்குவம் போதாதா?" என்று கேட்க நாலு பேர் வருவார்கள். எங்கள் வீட்டுக்குள்ளேயே கேட்டார்கள். கைப்பக்குவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கைப்பக்குவத்துக்குக் கையில் உணர்ச்சி இருக்க வேண்டும். அது போய்விட்டவர்கள் என்ன செய்வது என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை.

என் அம்மா அம்பாசமுத்திரத்துப் பக்கம் பிறந்தவள். எங்கள் சொந்தத்தில் கல்யாணம் என்றால் மறுவீட்டுச் சொதிக்கு அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். முதல் தேங்காய்ப்பாலை ஊற்றிய பிறகு ஓரத்தில் நுரை கூடுகிற அந்த நேரத்தில் சரியாக இறக்கிவிடுவாள், ஒருநாளும் திரிந்ததில்லை. பாலுக்கு உறை ஊற்றும்போது சுண்டுவிரலை நுனி மட்டும் நனைத்துப் பார்ப்பாள், அவ்வளவுதான். மறுநாள் தயிரைக் கரண்டியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சர்க்கரை. நரம்புகள் முதலில் பாதத்தில் மரத்தன, பிறகு விரல் நுனிகளில். இந்த நோயில் பெரும்பாலும் அந்த வரிசைதான். தயிர் ஒருநாள் கூழாக வந்தது, ஒருநாள் உறையவே இல்லை. பால் சரியில்லை என்று பால்காரரிடம் சண்டை பிடித்தாள். விரல்தான் பொய் சொல்கிறது என்பது எங்களில் யாருக்கும் எட்டவில்லை.

பிறகு ஒரு சித்திரை. மொட்டை மாடியில் கூழ்வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. காக்கையை விரட்டுவதற்காக உச்சி வெயிலில் செருப்பில்லாமல் ஏறிப் போயிருக்கிறாள். வலிக்கவில்லை, அதனால் நிதானமாக நின்று, வற்றலையும் புரட்டிப் போட்டுவிட்டு இறங்கியிருக்கிறாள். மாலையில், வீட்டு முன்கூடமான தார்சாவின் வெள்ளைத் தரையில் ஈரமாக ஒற்றைக் கால் தடம் வரிசையாகப் போயிருந்ததைப் பார்த்துத்தான் கேட்டோம். பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் எழும்பி, உடைந்தும் விட்டிருந்தது. பாளையங்கோட்டையில் மருத்துவர் அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றால் உள்ளங்காலை இடம் இடமாகத் தொட்டார். தொடுவது தெரியும்போது சொல்ல வேண்டும். இழை வில்லாக வளைகிற அளவுக்கு அழுத்தியும் அம்மா ஒன்றும் சொல்லாமல், இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் ஆனது.

புண் ஆறுவதற்குள் வீட்டில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். இனி அடுக்களைப் பக்கமே வரக்கூடாது, மதினி பார்த்துக்கொள்வார் என்று. அக்கறையில் சொன்னதுதான், யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அறுபது வருடம் அடுப்படியில் நின்ற மனுஷியைத் தார்சாவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று பார்த்தேன். சாப்பாடு குறைந்தது, பேச்சும் குறைந்தது. குழம்பு தாளிக்கும் சத்தம் கேட்டால் மட்டும் தலை அந்தப் பக்கம் திரும்பும். அப்போதுதான் இந்தக் கருவியை வாங்கினேன், அம்மா திரும்ப அடுப்படிக்குப் போக வேண்டும் என்பதற்காகவே வாங்கினேன்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்கினால்தான் பயன். சூடுள்ள எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை விட்டுக்கொண்டே இருக்கிறது. சூரிய ஒளியைப் பட்டகத்தில் பிரித்து, சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்து 1800இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்த கதிர் அது. இந்தக் கருவி அதை வாங்கி அளக்கிறது, அவ்வளவே. சிவப்புப் புள்ளி குறி பார்ப்பதற்கு மட்டும். அதைக் கண்ணில் அடிக்காமல் இருந்தால் போதும். 2020இல் கடை வாசலில் எல்லாம் நெற்றிக்கு நேரே நீட்டியபோது மூளைக்குக் கெடுதல் என்று ஒரு வதந்தி ஓடியது. இந்த வகைக் கருவியிலிருந்து சூடோ கதிர்வீச்சோ நம் உடம்புக்குள் போவதில்லை, நம்மிடமிருந்து வருவதைத்தான் அது படிக்கிறது.

இதன் பெரிய குறை ஒன்று உண்டு, அதை விற்பவர்கள் சொல்வதில்லை. பளபளப்பான உலோகத்தில் இது பொய்க் கணக்கு காட்டும். எவர்சில்வர், துலக்கிய பித்தளை, புது அலுமினியம் எல்லாம் தன் வெப்பத்தைக் கதிராக வெளியே விடுவது மிகக் குறைவு. எதிரே இருக்கும் சுவரின் கதிரைத்தான் திருப்பி அனுப்பும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும் எவர்சில்வர் பாத்திரத்தின் பக்கத்தில் குறி வைத்தால் ஐம்பது டிகிரியைக்கூட (நான் சொல்வதெல்லாம் செல்சியஸ்) எட்டாத எண் வரலாம். விரலில் உணர்ச்சி இல்லாதவர் அந்த எண்ணை நம்பித் தொட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். எனவே எங்கள் வீட்டுச் சட்டம்: பாத்திரத்தை அளக்கக்கூடாது, உள்ளே இருப்பதைத்தான் அளக்க வேண்டும். தண்ணீர், பால், எண்ணெய், மாவு, மண்சட்டி, எண்ணெய் ஏறிக் கறுத்த இரும்புத் தோசைக்கல், சுவர், தரை, தோல் எல்லாவற்றுக்கும் இது சரியாகவே காட்டும். அம்மா அடிக்கடி எடுக்கும் தூக்குவாளியின் வெளிப்புறத்தில் மட்டும் மின்வேலைக்கு ஒட்டும் கறுப்பு நாடாவை ஒரு துண்டு ஒட்டியிருக்கிறேன். அந்த நாடாவில் குறி வைத்தால் நம்பலாம். அடுப்பில் ஏற்றும் பாத்திரத்தில் ஒட்டாதீர்கள்.

இன்னொன்று, தூரம். கருவியில் 12:1 என்று போட்டிருந்தால், ஓர் அடி தள்ளி நின்றால் ஓர் அங்குல வட்டத்தின் சராசரியைக் காட்டும் என்று பொருள். நாலடி தள்ளி நின்று தம்ளரை அளந்தால் மேடையையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள்.

அம்மா இப்போது பாலை அளப்பதைப் பார்த்தால் யாரும் கேலி பேச மாட்டார்கள். ஆடையை ஒதுக்கிவிட்டு, அடிவரை ஒரு கலக்குக் கலக்குவாள். மேல் பரப்பு ஆவியால் ஆறி, அடியில் சூடு நிற்கும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தராமலே தெரியும். ஆவி கருவியின் வில்லையில் படியாதபடி பக்கவாட்டில் நின்று, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விசையை அழுத்தி, எண்ணைச் சத்தமாகப் படிப்பாள். வெயில் காலத்தில் 40, மார்கழியில் 44. ஐம்பதுக்கு மேலே போனால் உறை மோரில் இருக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும் என்று ஒருமுறை சொன்னேன், அது மனதில் பதிந்துவிட்டது. தினசரிக் காலண்டருக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள்: "பால் 42. குளிக்க 38. வடை 175. மாடி 45க்கு மேல் செருப்பு." தயிர் மறுபடியும் வெட்டித்தான் எடுக்கிறோம்.

குளியல் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹீட்டர் கம்பி போட்டுச் சூடாக்கும் வாளியில் மேலே கொதிக்கும், அடியில் சில்லென்று இருக்கும். 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். 50 டிகிரிக்குச் சில நிமிடங்கள் போதும். உணர்ச்சி உள்ளவர் காலை இழுத்துக்கொள்வார், இல்லாதவர் ஊற்றிக்கொண்டே இருப்பார். மின்சாரத்தை நிறுத்தி, கம்பியை எடுத்துவிட்டு, நன்றாகக் கலக்கிப் பிறகு அளக்கச் சொல்லுங்கள்.

எண்ணெயில் நன்றாகவே உதவுகிறது. உளுந்தவடைக்கு 170, 175; கல்லிடைக்குறிச்சி அப்பளம் என்றால் 190ஐ ஒட்டி. தோசைக்கல்லில் நடுவுக்கும் ஓரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்தால் உங்களுக்கே வியப்பாக இருக்கும். ஆனால் பாகுக்கு இது ஆகாது. முந்திரிக்கொத்துக்குக் கருப்பட்டிப் பாகு காய்ச்சும்போது நுரையும் ஆவியும் மறைப்பதால் பதத்தைவிடக் குறைவாகக் காட்டும். அங்கே தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்க்கும் முறைக்கு ஈடில்லை. அல்வாவுக்கும் அப்படியே, சட்டியை விட்டு நெய் பிரிவதைக் கண்தான் சொல்ல வேண்டும். கோழிக்கறி உள்ளே வெந்ததா என்றும் இது சொல்லாது, ஏனென்றால் தெரிவது மேல்பரப்பு மட்டுமே. அதற்குக் குத்திப் பார்க்கும் வகை வேறு இருக்கிறது. உள்ளே 74 டிகிரி வர வேண்டும்.

காலுக்கு வருகிறேன், எனக்கு இதுதான் முக்கியம். ஒரு பாதத்தின் ஓரிடம், மறு பாதத்தின் அதே இடத்தைவிட 2.2 டிகிரிக்கு மேல் சூடாக இருந்து, அது தொடர்ந்தால், உள்ளே அழற்சி தொடங்கியிருக்கலாம் என்பது பாத நோய் மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவு. புண் வெளியே தெரிவதற்கு முன்பே சூடு தெரிந்துவிடும். மலிவான கருவியில் இரண்டு டிகிரி பிழை இருக்கலாம் என்பது எனக்கும் தெரியும், சண்டைக்கு வர வேண்டாம். ஒரே கருவியில், ஒரே தூரத்தில், ஒரே நேரத்தில் இரண்டு கால்களையும் அளக்கும்போது பெரும்பாலும் பிழை இரண்டுக்கும் ஒன்றுதான். நமக்கு வேண்டியது வித்தியாசம். இது மருத்துவரிடம் போவதற்கான காரணம் மட்டுமே, வீட்டு வைத்தியத்துக்கு அல்ல. தினமும் பாதத்தைக் கண்ணால் பார்ப்பதற்கும் இது மாற்றாகாது.

கோயில் பிராகாரங்களையும் சொல்லிவிடுகிறேன். வெயில் காலத்தில் நடை சாத்தும் நேரத்துக்குக் கருங்கல் தளம் கொதிக்கிறது. ஒரு கோயிலில் தேங்காய் நார் விரிப்பை வாசலில் இருந்து பாதி தூரம் மட்டும் போட்டிருந்தார்கள். மீதித் தூரத்தைச் சர்க்கரை நோயாளிகள் எப்படிக் கடப்பார்கள் என்று கேட்டதற்கு, வேகமாக நடக்கச் சொன்னார்கள். வேகமாக நடக்க வேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியாது என்பதை எப்படிப் புரியவைப்பது?

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று இருக்கிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் எழுதாமல் விட மனம் வரவில்லை. அம்மாவுக்குக் கால் புண் என்று பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் ஏதாவது ஒரு பொடியோடு வந்தார்கள். சர்க்கரையை வேரோடு அறுக்குமாம், மாத்திரையை நிறுத்திவிட வேண்டுமாம். புண் உள்ள காலோடு மாத்திரையை நிறுத்தினால் கால் போகும். என் பெரியப்பாவுக்கு இப்படித்தான் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பொடி கொடுத்தவர் துக்கம் விசாரிக்கக்கூட வரவில்லை. ஆயிரம் ரூபாயைச் சுற்றி விலையுள்ள ஒரு வெப்பமானியை வீண் செலவு, பவுசு என்று பேசிய அதே வாய்கள், அந்தப் பொடிக்கு மாதாமாதம் அதைவிடக் கூடுதலாகக் கொடுக்கின்றன. அம்மா மாத்திரையை நிறுத்தவில்லை. நான் விடவில்லை.

வீட்டின் மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவிட்ச் போர்டுகளை மாதம் ஒருமுறை பாருங்கள். மற்றதெல்லாம் அறைச் சூட்டில் இருக்க, ஒன்று மட்டும் இருபது டிகிரி கூடுதலாகக் காட்டினால் உள்ளே திருகு தளர்ந்திருக்கலாம். எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் பிளக் அப்படிக் காட்டியது. திறந்து பார்த்தால் வயரின் உறை கருகி, திருகைச் சுற்றிக் கறுத்திருந்தது. குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கும் பொருட்கள் 4 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அடுப்பு சற்று நேரம் எரிந்த பிறகு சிலிண்டரில் மேலிருந்து கீழாக அளந்தால் சட்டென்று குளிரும் இடம் வரும், அதற்குக் கீழேதான் திரவ எரிவாயு இருக்கிறது. மொட்டை மாடியில் பாதிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிட்டு அக்னி நட்சத்திரத்தில் இரண்டு பக்கத்தையும் அளந்தோம். பத்து டிகிரிக்கும் மேல் வித்தியாசம், மீதியையும் உடனே அடித்துவிட்டோம்.

வாங்கும்போது எண்கள் பெரிதாக, பின்னால் விளக்கோடு இருப்பதைப் பாருங்கள். மின்கலம் எல்லாக் கடையிலும் கிடைக்கிற வகையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். லேசர் புள்ளி இருப்பதால் குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள்.

காய்ச்சலுக்கு இது வேண்டாம். சமையலறைக்கான கருவியில் இரண்டு டிகிரி முன்பின் இருக்கும்; நல்ல உடம்புக்கும் காய்ச்சலுக்கும் உள்ள வித்தியாசமே ஒன்றிரண்டு டிகிரிதான். நெற்றித் தோலும் உடம்பின் உள்சூட்டைவிடக் குறைவாகவே இருக்கும். அக்குளில் வைக்கும் சாதாரண டிஜிட்டல் வெப்பமானி ஒன்றைத் தனியாக மருந்துப் பெட்டியில் போட்டு வையுங்கள்.