ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவைத் தவிர பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

ஒன்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான இலங்கை மலையகத்தின் அந்த வட்டப் பாதையில், உலக முடிவு எனப்படும் செங்குத்தான மலை விளிம்பை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. மூடுபனி ஏறுவதற்குள் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் எல்லோரும் விறுவிறுவென்று கடந்துவிடும் சதுப்புப் புல்வெளியே அந்த இடத்தின் உயிர்நாடி என்பது என் எண்ணம்.

நான் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன். நாங்கள் இருந்த லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குக் கீழே ஓடும் ஆக்ரா ஓயா ஆறு பங்குனி வெயிலிலும் வற்றி நான் கண்டதில்லை. "மேல மலையில தண்ணிய யாரோ பொத்தி வச்சிருக்காங்க" என்று அப்பாயி சொல்வார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது, வளர்ந்து வேலைக்குப் போன பிறகு முதன்முறையாகச் சமவெளியில் நடந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில், குளிரிலும் ஈரத்திலும் செத்த புல்லும் வேரும் முழுதாக மக்காமல் காலங்காலமாகப் படிந்து, தாழ்வான இடங்களில் கறுத்த மண்ணாகக் கிடக்கின்றன. அம்மண் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு சிறுகச் சிறுகத்தான் வெளியே விடும். மழை ஓய்ந்து நான்கு நாட்களான பின்பு, ஓடைக்கரை அரித்திருந்த ஓரிடத்தில் பாதையில் நின்றபடியே குனிந்து பார்த்தேன். முழங்கால் உயரக் கறுப்பு மண்ணின் அடியிலிருந்து துளித்துளியாக நீர் விடாமல் கசிந்து, குட்டை மூங்கில் தூர்களுக்கிடையே நூல் போல் இறங்கிக்கொண்டிருந்தது. இத்தகைய கசிவுகள் சேர்ந்துதான் பெலிஹுல் ஓயாவாகி, பேக்கர் நீர்வீழ்ச்சியில் விழுந்து, வளவை கங்கையை அடைகின்றன. வேறு சரிவுகளில் இறங்கும் நீர் மகாவலிக்கும் களனிக்கும் போய்ச் சேர்கிறது.

ஆகவே படம் எடுப்பதற்காகக்கூடப் பாதையை விட்டு ஓர் அடியும் இறங்க வேண்டாம். மிதிபட்ட இடம் அமுங்கிக் குழியாகி நீர் தேங்குகிறது. அடுத்து வருபவர் சேற்றுக்கு அஞ்சி அதைச் சுற்றி மிதிக்க, பாதை புல்வெளிக்குள் பரந்துகொண்டே போகிறது. 1960களில் இங்கே உருளைக்கிழங்குகூடப் பயிரிட்டார்கள். 1988ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக்கப்பட்ட இந்நிலத்தில் மண்வெட்டி இறங்காவிட்டாலும், நம் கால்கள் இறங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

நுழைவாயிலில் பொலித்தீனைச் சோதித்து எடுத்துவிடுவார்கள். ரொட்டியையும் சம்பலையும் டப்பாவில் கொண்டுபோங்கள். மரைகள் அருகில் வந்தாலும் உணவு கொடுக்காதீர்கள். தை, மாசியில் போனால் சில விடியற்காலைகளில் புல்நுனியெல்லாம் உறைபனி வெளுத்திருக்கும். வெயில் பட்டு அது உருகி, கறுப்பு மண்ணுக்குள் இறங்கும் வரையாவது அங்கே நின்று பாருங்கள்; உலக முடிவுக்கு அதன் பிறகு நடக்கலாம்.