மேட்டில் இழுவை போகும் அம்பாசடர்: பெட்ரோலா, கரண்டா?

கேள்வி: என்னிடம் 1986 மாடல் அம்பாசடர் மார்க் 4 இருக்கிறது. பெட்ரோல் வண்டி. சமதரையில் நன்றாக ஓடுகிறது. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது மட்டும், பத்துப் பன்னிரண்டு வளைவு தாண்டியதும் திடீரென்று இழுவை போய்விடுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் திணறுகிறது, காலை எடுத்தால் ஐடிலிங்கில் ஓடுகிறது. அரை மணி நேரம் ஓரமாக நிறுத்தினால் பழையபடி ஏறிவிடுகிறது. கார்பரேட்டர் சர்வீஸ் செய்தாகிவிட்டது. பிளக், காயில் இரண்டும் புதிது. இன்னும் எதை மாற்ற வேண்டும்?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். இந்த மாதிரிக் கோளாறு வண்டி சூடாக, திணறிக்கொண்டு நிற்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் தன்னைக் காட்டும். ஆறிய வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிப்போனால் மெக்கானிக் கண்ணுக்கு எல்லாமே சரியாகத் தெரியும். அவரும் பாவம், அனுமானத்தில் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவார்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது, காலை எடுத்தால் ஐடிலிங்கில் ஓடுகிறது என்ற வரி. கரண்ட் அடியோடு போனால் சாவியைத் திருப்பி அணைத்தது போல இன்ஜின் பட்டென்று நிற்கும். பெட்ரோல் போதாமல் போகும்போது இரண்டு மூன்று முறை குலுங்கி, இருமி, மெல்லச் சோர்ந்துபோகும். சும்மா ஓட இன்ஜினுக்குச் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் இருந்தால் போதும். மேட்டில் செகண்ட் கியரில் மிதிக்கும்போதுதான் அதற்கு வயிறு நிறைய வேண்டும். அதனால் என் சந்தேகம் முதலில் பெட்ரோல் பக்கம்தான் போகிறது. அதிலும் கார்பரேட்டருக்கு முன்னால் உள்ள பாதையில்.

ஆனாலும் சந்தேகத்தை வைத்துப் பணம் செலவழிக்கக் கூடாது. அடுத்த முறை நின்றதும் முதலில் கரண்டைப் பாருங்கள். பெட்ரோல் பைப் எதையும் திறப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி நடுவில், பொறிக்கான கரண்டைத் தரும் காயிலிலிருந்து வரும் தடித்த வயரைக் கழற்றி, பிளாஸ்டிக் பிடியுள்ள குறடால் பிடித்து, அதன் முனையை இன்ஜின் பிளாக்கிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளி வைத்துக்கொண்டு, கூட வந்தவரை செல்ஃப் போடச் சொல்லுங்கள். பட் பட்டென்று நீலமாகப் பொறி தாவினால் காயிலும், பாயிண்டோடு சேர்ந்திருக்கும் கண்டென்சர் என்ற சின்ன உருளையும் அந்தச் சூட்டிலும் வேலை செய்கின்றன. மஞ்சளாக, நூல் மாதிரி மெலிந்து வந்தால் கோளாறு கரண்டில். அப்போது முதலில் கண்டென்சரை மாற்றுங்கள். சூட்டில் கைவிட்டு, ஆறியதும் பிழைத்துக்கொள்வது அதன் குணம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிக் காயிலின் கரண்டை வெட்டிவிடும் பாயிண்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். புதுக் காயில் எந்த ரகம் என்றும் ஒருமுறை பாருங்கள். காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் பாலஸ்ட் ரெசிஸ்டர் இல்லாத வண்டிக்கு, பிரைமரி சுற்று சுமார் 3 ஓம் உள்ள காயில் வேண்டும். ஒன்றரை ஓம் காயிலைப் போட்டிருந்தால் அது தொட முடியாத அளவுக்குச் சூடேறி, பாயிண்டையும் கருக்கிவிடும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டிற்குப் போகும் சின்ன வயரையும் லேசாக இழுத்துப் பாருங்கள். பொறி விழும் நேரத்தை முன்பின் மாற்றும் வேக்குவம் அட்வான்ஸ் அந்தத் தட்டை ஓயாமல் ஆட்டுவதால், மேலுறை முழுதாக இருக்கும்போதே உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கும். ரப்பர் போல நீண்டுகொடுத்தால் வயர் போய்விட்டது என்று அர்த்தம்.

சரி, கரண்ட் நன்றாக இருக்கிறது என்றால் அந்த வயரைத் திரும்ப மாட்டிவிட்டு, அடுத்து பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் அநேகமாக விடை கிடைத்துவிட்டது. பெட்ரோல் வெளியேறும் அளவுக்கு டேங்கிற்குள் காற்று போக வழி வேண்டும். அந்தத் துளை அடைபட்டாலோ, துளை இல்லாத வேறு மூடியை யாராவது போட்டிருந்தாலோ, உள்ளே வெற்றிடம் கூடிக் கூடி பம்பால் இழுக்க முடியாமல் போகும். அரை மணி நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து நிரம்பியதும் வண்டி தானாகக் கிளம்பிவிடும்.

சத்தம் எதுவும் வரவில்லையா? இன்ஜின் கொஞ்சம் ஆறட்டும். காயிலின் சின்ன வயரைக் கழற்றிவிடுங்கள், பொறி வரக் கூடாது. பிறகு கார்பரேட்டருக்கு வரும் பைப்பைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் போடுங்கள். பெட்ரோல் பீய்ச்சி அடிக்க வேண்டும். நுரைத்து, விட்டு விட்டு வந்தால் டேங்கிற்கும் பம்பிற்கும் நடுவே எங்கோ காற்று புகுகிறது, அல்லது பெட்ரோல் சூட்டில் ஆவியாகிறது. இந்த இன்ஜினில் கார்பரேட்டரும், சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். ஒரு சொட்டு சிந்தினாலும் தீப்பிடிக்கும். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யவே செய்யாதீர்கள்.

காற்று புகும் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பலரும் தவறவிடும் இடம் இது. டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள பைப் இழுக்கும் பக்கம். அங்கே விரிசல் விட்டால் பெட்ரோல் அதிகம் ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். தரையில் கறை இருக்காது, வாடையும் வராது. பல வருடங்களுக்கு முன்பு ஒரு அம்பாசடரில் இதே கோளாறைத் தேடி மூன்று வாரம் நான் அலைந்தேன். கடைசியில் பம்பிற்குப் பக்கத்தில், ஒரு விரல் நீளமுள்ள ரப்பர் ஹோஸ். பார்க்கப் புதுசு போல இருந்தது. கழற்றி வளைத்தபோது காய்ந்த வயல் மாதிரி பாளம் பாளமாக வெடிப்பு. மேட்டில் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ள, பின்னால் இருக்கும் டேங்க் இன்னும் கீழே போய்விடும். பம்ப் கூடுதல் உயரத்துக்கு இழுக்க வேண்டியிருந்ததால் அந்த வெடிப்பு வழியாகக் காற்றை உறிஞ்சியது. சமதரையில் தெரியாத கோளாறு மலையில் தெரிந்ததற்குக் காரணம் அதுதான்.

இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். உங்கள் வண்டியின் ரப்பர் பாகங்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஹோஸும், பம்பிற்குள் ஆடும் டயஃப்ரம் என்ற சவ்வும் ஊதும், இளகும், பிறகு வெடிக்கும். பழைய டேங்கில் படிந்த பிசினையும் துருவையும் கூட எத்தனால் கிளப்பிவிடும். அந்தத் தூசு, டேங்கிற்குள் இருக்கும் உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் நின்றதும் இழுப்பு இல்லாமல் மறுபடி அடியில் விழுந்துவிடும். அரை மணி நேரம் நிறுத்தினால் சரியாகும் மர்மத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே பட்டறையில் இப்படிச் சொல்லுங்கள்: ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ஆர்9 ரக ஹோஸாக மாற்ற வேண்டும். பம்பிற்கு எத்தனால் தாங்கும் டயஃப்ரம் கிட் போட வேண்டும். பைப்பை இரண்டு முனையிலும் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்து வைத்து, பம்ப் பக்கத்திலிருந்து காற்றடித்து ஊத வேண்டும். அப்புறம் டேங்க்கை இறக்கி அடியில் துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்கும் சேர்ந்தாலும் ஒரு நாள் வேலைதான்.

கார்பரேட்டர் சர்வீஸ் ஆகிவிட்டது என்றாலும் உங்கள் வண்டியின் எஸ்யூ ரகக் கார்பரேட்டரில் ஒன்று மட்டும் பாருங்கள். ஏர் கிளீனரைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். டக்கென்று கீழே விழ வேண்டும். பாதியில் நின்றால் உள்ளே உரசுகிறது. பிஸ்டனுக்கு மேலே டாஷ்பாட் என்ற எண்ணெய்க் கிண்ணத்தில் எண்ணெய் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரிக் பம்ப் வைத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். புதிய கார்களுக்கான பம்பின் அழுத்தத்தை எஸ்யூ கார்பரேட்டருக்குள் பெட்ரோல் நிரம்பியதும் வழியை அடைக்கும் ஃப்ளோட் ஊசி தாங்காது. பெட்ரோல் வழிந்து நேராக எக்ஸாஸ்ட் மேல்தான் விழும். எனக்கு அதில் சம்மதமில்லை. வைத்தே தீருவது என்றால் கார்பரேட்டர் வண்டிக்கான குறைந்த அழுத்தப் பம்ப், இன்ஜின் நின்றால் தானாக அணையும் சுவிட்ச், இரண்டும் கட்டாயம்.

வேலை முடிவதற்குள் மலை ஏற வேண்டி வந்தால் டேங்க்கை நிரப்பிக்கொண்டு விடியற்காலையில் கிளம்புங்கள். இழுவை போனால் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றுங்கள், பழைய டாக்சி ஓட்டுநர்கள் செய்ததுதான். துணி போட்டுப் பத்து நிமிடத்தில் வண்டி தெளிந்தால், பெட்ரோல் ஆவியாவதும் சேர்ந்திருக்கிறது என்று மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். எக்ஸாஸ்டுக்கும் பம்புக்கும் நடுவே ஒரு தகடு மறைப்பு வைத்துத் தருவார்.